1 இன்ச் தகடு, 2 இன்ச் உயரம்: பிக்கப் டிரக்கில் ‘ஸ்பேஸர்’ போட்டால் வீல் அலைன்மென்ட் என்ன ஆகும்?

அலுமினியத்தில் செய்த ஒரு வட்டத் தகடு. தடிமன் வெறும் 1 இன்ச். பிக்கப் டிரக்கின் முன்பக்க ஷாக் அப்சார்பருக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு தகடுகளை வைத்து போல்ட்டை முறுக்கினால் போதும், வண்டியின் மூக்கு ஏறக்குறைய 2 இன்ச் மேலே எழும்பிவிடும். புது ஸ்பிரிங் வேண்டாம், புது ஷாக் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். ஒரு நாளில் முடிகிற வேலை.

ஆனால் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு புகார்கள் வரத் தொடங்கும். முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகியிருக்கும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். இரவில் எதிரே வருகிறவர்கள் ‘டிம் பண்ணுப்பா’ என்று லைட் அடித்துக் காட்டுவார்கள். உயரம் மட்டும்தானே மாறியது, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

சஸ்பென்ஷனில் உயரம் மட்டும் தனியாக மாறாது என்பதுதான் விஷயம். சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அமைத்தார்களோ, அந்தக் கோணமும் கூடவே நகர்கிறது.

டிரக் ஏன் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது?

அமெரிக்காவில் ‘டிரக்’ என்றால் பெரும்பாலும் பிக்கப்தான். நம்ம ஊர் லாரி அல்ல. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, டொயோட்டா டகோமா போன்ற வண்டிகளைக் காலியாகப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பின்பக்கம் சற்று உயர்ந்தும், முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். இது வடிவமைப்புப் பிழை இல்லை. பின்னால் தொட்டியில் சரக்கு ஏற்றும்போதும், டிரெய்லரை மாட்டி இழுக்கும்போதும் பின்பக்கம் அமுங்கும். அப்போது வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே காலியாக இருக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

சரக்கே ஏற்றாமல் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சாய்வு பிடிப்பதில்லை. முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி வண்டியைச் சமமாக்க ‘லெவலிங் கிட்’ வாங்குகிறார்கள். பெரிய டயர் போட இடம் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அந்தக் கிட்டில் இருப்பது பெரும்பாலும் இந்த ஸ்பேஸர்தான்.

இதில் ஒரு கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காலி வண்டி சமமாக நிற்கிறது என்றால், சரக்கு ஏற்றியதும் அது பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

1 இன்ச் எப்படி 2 இன்ச் ஆகிறது?

ஒரு கதவின் நடுவில் கையை வைத்து ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். கதவின் வெளி ஓரம் இரண்டு சாண் நகர்ந்திருக்கும். பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனிலும் நடப்பது இதுதான்.

இன்றைய பிக்கப்கள் பலவற்றில் முன்பக்கம் ‘டபுள் விஷ்போன்’ அமைப்பு இருக்கிறது. மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். இரண்டின் உள்முனையும் சேசிஸில் கீல் போல மாட்டப்பட்டிருக்கும். வெளிமுனைகள் பால் ஜாயின்ட் வழியாகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ‘ஸ்ட்ரட்’ கீழ் ஆர்மின் வெளிமுனையில் உட்காருவதில்லை. நடுவில், அல்லது நடுவைச் சற்றுத் தாண்டி உட்காருகிறது.

உதாரணத்துக்கு, கீல் முனையில் இருந்து பால் ஜாயின்ட் வரை 42 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரட்டின் அடிப்பக்க போல்ட் 23 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. விகிதம் சுமார் 0.55. ஸ்ட்ரட்டுக்கு மேலே 25 மி.மீ. ஸ்பேஸர் வைத்தால், சக்கரத்தில் கிடைக்கும் உயரம் 25-ஐ 0.55-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 45 மி.மீ. ஸ்ட்ரட் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்.

இதனால்தான் கடையில் ‘2 இன்ச் லிஃப்ட்’ என்று எழுதிய பெட்டியைத் திறந்தால் உள்ளே 1 இன்ச் சொச்சம் தடிமனில் தகடு இருக்கிறது. ‘கடைக்காரர் ஏமாத்திட்டார்’ என்று நினைத்து, 2 இன்ச் தடிமனுள்ள தகடாகத் தேடி வாங்கிப் போட்டால் முன்பக்கம் கிட்டத்தட்ட 4 இன்ச் எழும்பும். அந்த உயரத்தை இந்த ஆர்ம்களும் ஜாயின்ட்களும் தாங்காது.

எல்லா வண்டிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஜீப் ராங்ளர் போல முழு ஆக்சில் உள்ள வண்டியில் ஸ்பிரிங் ஆக்சிலின் மேலேயே உட்காருவதால் 1 இன்ச் ஸ்பேஸருக்கு ஏறத்தாழ 1 இன்ச்தான் கிடைக்கும். கார்களில் இருக்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டிலும் அப்படியே.

மேலே வைப்பதா, உள்ளே வைப்பதா?

ஸ்பேஸரில் இரண்டு வகை இருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வது போலத்தான் தெரியும்.

முதல் வகை, ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைப்பது. ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே தேவையில்லை. ஸ்பிரிங் முன்பு எவ்வளவு அமுங்கியிருந்ததோ இப்போதும் அவ்வளவே அமுங்கியிருக்கும், ஏனென்றால் அது தாங்குகிற எடை மாறவில்லை. அதனால் பயண சொகுசில் பெரிய வித்தியாசம் தெரியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மொத்த ஸ்ட்ரட்டும் கீழே தள்ளப்படுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முன்பைவிட இன்னும் கீழே போகும். பால் ஜாயின்ட், ஆக்சில் ஜாயின்ட், பிரேக் ஹோஸ் எல்லாமே வடிவமைத்த எல்லையைத் தாண்டி இழுபடும். சில வண்டிகளில் மேல் ஆர்ம் போய் ஸ்பிரிங்கிலேயே இடிக்கும். மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதோ, ரப்பர் பம்ப் ஸ்டாப் அடியை வாங்குவதற்கு முன்பே ஷாக் தன் முழு நீளத்துக்கும் மடங்கி உள்ளே இடிபடும் வாய்ப்பும் உண்டு.

இரண்டாம் வகை, ஸ்ட்ரட்டைப் பிரித்து ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் வைப்பது. இதை ‘ப்ரீலோட் ஸ்பேஸர்’ என்கிறார்கள். இதில் ஸ்ட்ரட்டின் முழு நீளம் மாறாது, அதனால் ஜாயின்ட்கள் பழைய எல்லைக்குள்ளேயே இருக்கும். பதிலுக்கு வேறொன்றை இழக்கிறோம். வண்டி உயர்ந்த அளவுக்கு, சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைந்துவிடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது, கீழே போக இடமில்லாமல் ஷாக் தன் எல்லையில் முட்டுகிற சத்தம்.

‘ஸ்பேஸர் போட்டால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்’ என்று சொல்வது உண்டு. ஸ்பிரிங்கின் கம்பியும் சுற்றும் மாறாதபோது அதன் விறைப்பு மாறாது. கெட்டியாக இருப்பது போலத் தெரிவது, தொங்கும் தூரம் குறைந்து ஷாக் அடிக்கடி எல்லையில் முட்டுவதால்தான்.

ப்ரீலோட் ஸ்பேஸர் மாட்டும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். சரியான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் கைதவறி விடுபட்டால் எலும்பை முறிக்கும், தலையில் பட்டால் உயிரையே எடுக்கும். வீட்டு வாசலில் யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

அலைன்மென்ட் ஏன் கெடுகிறது?

ஆர்ம்கள் கீல் போல இயங்குவதால், சக்கரம் நேர்கோட்டில் மேலும் கீழும் போவதில்லை. ஒரு வளைவில் போகிறது. மேல் ஆர்ம் நீளம் குறைவு, கீழ் ஆர்ம் நீளம் அதிகம். ஆகவே இரண்டும் வெவ்வேறு வளைவில் நகர்கின்றன. ஸ்டீயரிங்கில் இருந்து வருகிற டை ராட் மூன்றாவது வளைவில் நகர்கிறது. இந்த மூன்றும் ஒத்துப்போகும்படி ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள். ஸ்பேஸர் அந்த உயரத்தை மாற்றிவிடுகிறது.

இதில் மூன்று கோணங்கள் அடிபடுகின்றன. முதலில் கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது. உயர்த்தினால் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த வண்டியின் ஆர்ம்களுடைய நீளத்தையும் கோணத்தையும் பொறுத்தது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டயரின் அந்த ஓரம்தான் எடையைச் சுமக்கும், அந்த ஓரம்தான் முதலில் தேயும்.

அடுத்தது காஸ்டர். இதைப் புரிந்துகொள்ள சைக்கிளைப் பார்த்தால் போதும். ஹேண்டில் பாரில் இருந்து இறங்கும் முன் ஃபோர்க் நேர் செங்குத்தாக இருக்காது. மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம். பிக்கப்பை ஸ்பேஸரால் உயர்த்தும்போது இந்தச் சாய்வு பொதுவாகக் குறைகிறது. ஸ்டீயரிங் லேசாக இருப்பது போலத் தோன்றும், ‘நல்லா இருக்கே’ என்றுகூடத் தோன்றும். ஆனால் 90, 100 கி.மீ. வேகத்தில் வண்டி அலையும், திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பச் சோம்பல் காட்டும். இடது வலது காஸ்டரில் வித்தியாசம் வந்துவிட்டால், குறைவாக இருக்கும் பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

மூன்றாவது டோ. டயர் காசைக் கரைப்பதில் இதுதான் முதலிடம். நாம் நிற்கும்போது பாத விரல்கள் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது போல, மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே டோ. வண்டி உயர்ந்ததும் டை ராட் கீழ்நோக்கி இன்னும் சாய்கிறது. சக்கரத்தை உள்ளேயோ வெளியேயோ திருப்பிவிடுகிறது. ஒரு சக்கரம் அரை டிகிரி தப்பாகத் திரும்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுவதற்குச் சமம். 1,000 கி.மீ. ஓடினால் 9 கி.மீ. தூரம் ரப்பரைத் தாரில் வைத்துத் தேய்த்தது போல. டயர் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பம் போலவும் இருந்தால் டோ தப்பாக இருக்கிறது.

டை ராட் அதிகமாகச் சாய்ந்து நிற்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. குழியில் ஒரு சக்கரம் இறங்கி ஏறும்போது, நீங்கள் திருப்பாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். இதை அலைன்மென்ட் மெஷினில் வைத்துச் சரிசெய்ய முடியாது. வண்டி நிற்கும்போது எண்கள் சரியாக இருக்கும், ஓடும்போதுதான் தெரியும்.

அலைன்மென்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஓரளவுக்கு ஆகும். பல பிக்கப்களில் கீழ் ஆர்மின் உள்முனை போல்ட்டில் முட்டை வடிவ ‘கேம்’ இருக்கும். அதைத் திருப்பினால் ஆர்ம் கொஞ்சம் உள்ளே வெளியே நகரும். கேம்பரையும் காஸ்டரையும் அதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். கடைசியாக டை ராடைத் திருகி டோ வைப்பார்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் முதல் இரண்டையும் தொட்டாலே டோ மாறிவிடும்.

ஒரே கேம்தான் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்பதால் கேம்பரைப் பச்சைக்குக் கொண்டுவந்தால் காஸ்டர் விளிம்பில் போய் நிற்கும். ரிப்போர்ட் தாளில் எல்லாமே பச்சையாக இருந்தாலும், காஸ்டர் எண் பச்சையின் அடி ஓரத்தில் இருந்தால் வண்டி அலையத்தான் செய்யும். டபுள் விஷ்போன் பிக்கப்களில் சக்கரத்தில் 2 முதல் 2.5 இன்ச் வரைதான் ஸ்பேஸரின் நடைமுறை எல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதனால்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கோணத்தை மாற்றி வடிவமைத்த மேல் ஆர்ம் வாங்க வேண்டும், அல்லது ஆர்ம்கள் மாட்டியிருக்கும் இடத்தையே கீழே இறக்கும் முழு லிஃப்ட் கிட்டுக்குப் போக வேண்டும். செலவு பல மடங்காகும்.

மெக்கானிக்குகளே சில சமயம் தவறவிடுகிற ஒரு விஷயம். ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட்டை முறுக்கிய நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழு டைட் வைத்துவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். உயரமும் சரியாக உட்காராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் கடைசி டைட்.

டயரோடு நிற்பதில்லை

4 வீல் டிரைவ் வண்டிகளில் டிஃபரன்ஷியலில் இருந்து முன் சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலின் இரு முனையிலும் சிவி ஜாயின்ட் இருக்கிறது. வண்டி உயர்ந்தால் அது கூர்மையான கோணத்தில் சுழல வேண்டியிருக்கும். மேலே இருக்கும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால் ஜாயின்ட் காலி.

அடுத்தது ஹெட்லைட். முன்பக்கம் மட்டும் 50 மி.மீ. உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். டொயோட்டா ஹைலக்ஸின் வீல்பேஸ் 3,085 மி.மீ. இந்தச் சாய்வில் 10 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 16 செ.மீ. மேலே போகும். லோ பீம் பொதுவாக 10 மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இறங்கும்படிதான் வைக்கப்பட்டிருக்கும். அதாவது கீழே பார்க்க வேண்டிய வெளிச்சம் நேராக எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகிறது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகைச் சில சுற்று திருப்பினால் சரியாகிவிடும். வேலை சில நிமிடம்தான், ஆனால் செய்கிறவர்கள் குறைவு. தானியங்கி பிரேக்குக்காகக் கேமராவும் ரேடாரும் உள்ள புது வண்டிகளில் அவற்றையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவை தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பின்பக்கத்தில் கதை எளிது. பெரும்பாலான பிக்கப்களில் பின்னால் அடுக்குப் பட்டை கொண்ட லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் 1 இன்ச் பிளாக் வைத்தால் 1 இன்ச் உயரும். நீளமான யூ போல்ட் போட வேண்டும். ஒரு பிளாக்கின் மேல் இன்னொரு பிளாக் அடுக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு பிளாக் நழுவினால் ஆக்சிலே இடம் மாறிவிடும்.

எல்லை மீறியபோது வந்த சட்டம்

முன்பக்கத்தைத் தூக்கும் மோகம் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் வேறு ஒரு உச்சத்துக்குப் போனது. மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தரையை உரசும்படி வண்டியை மாற்றும் ‘கரோலினா ஸ்குவாட்’ பாணி பரவியது. ஓட்டுநருக்கு பானட்டுக்கு முன்னால் நிற்கும் ஆளே தெரியாது. வட கரோலினா 2021 டிசம்பர் 1 முதல் இதற்குத் தடை போட்டது. முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரை விட 4 இன்ச் அல்லது அதற்கு மேல் உயரமாக இருந்தால் சட்டவிரோதம். 2022-ல் வர்ஜீனியாவும், 2023-ல் தென் கரோலினாவும் சட்டம் கொண்டுவந்தன. வண்டியைச் சமமாக்கும் சாதாரண 2 இன்ச் ஸ்பேஸர் இந்த அளவுக்குள் வராது.

இந்தியாவில்?

இங்கு விற்கும் ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டிலும் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் லீஃப் ஸ்பிரிங். மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு கிளெய்ம் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் பிரச்னையாக வந்து நிற்கலாம்.

ஏற்கெனவே ஸ்பேஸர் போட்ட பழைய பிக்கப்பை வாங்கப் போகிறீர்களா? ஸ்டீயரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பிவிட்டு, வீல் ஆர்ச்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேசிஸுக்கும் நடுவில் தனித் தகடு தெரிந்தால் அது மேலே வைக்கும் வகை. தகடு இல்லாமலும் மூக்கு உயர்ந்திருந்தால் உள்ளே ப்ரீலோட் ஸ்பேஸரோ, வேறு ஸ்பிரிங்கோ இருக்கலாம். சக்கரத்தின் மையத்தில் இருந்து ஃபெண்டர் ஓரம் வரை டேப் வைத்து இரு பக்கமும் அளந்து பார்க்கலாம். ஸ்பேஸர் போட்ட பிறகு எடுத்த அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அதில் காஸ்டர் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பேஸரைக் கழற்றி வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரவும் முடியும், மாட்டியது போலவே ஒரு நாள் வேலைதான். கழற்றிய அன்றே மறுபடி அலைன்மென்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் உயர்ந்த வண்டிக்காகத் திருப்பி வைத்த கேமும் டை ராடும் இறங்கிய வண்டிக்குத் தப்பாகிவிடும்.